மாமனார் போட்ட ‘ளு’

இன்லண்டு கடிதத்தை மடித்து, ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்து ஒட்டுவேன். அரசாங்கம் தடவிக் கொடுத்த பசையை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

ஒட்டியதைக் கொண்டுபோய் என் மாமனார் முன்னால் வைப்பேன். அவர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை மேல் உட்கார்ந்து, முறத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார். அதுதான் அவருக்கு மேஜை. கட்டைப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு, விலாசம் எழுத ஆரம்பிப்பார்.

உள்ளே இருக்கும் எழுத்தெல்லாம் என்னுடையது. வெளியே இருக்கும் விலாசம் மட்டும் அவருடையது. நான் எட்டாவது பாஸ். அவர் மூன்றாவதோடு ஏர் பிடிக்கப் போனவர். ஆனாலும் விலாசத்தை அவர்தான் எழுத வேண்டும். ஏனென்றால் அதில் என் வீட்டுக்காரர் பேர் வரும்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என் அம்மா என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பி வைத்தாள். சொல்வதற்கே இப்படியென்றால் எழுதுவதற்கு? எழுதினால் அழியாமல் வேறு இருந்து தொலைக்குமே! நான் அந்த வம்புக்கே போகவில்லை.

மாமனார் முதலில் ‘ஏ’ போடுவார். அழகாக வரும். அடுத்து ‘ளு’ போடுவார். ‘ஏளுமலை, லோகோ ஷெட்டு, விழுப்புரம் ஜங்ஷன்’ என்று முடித்து, தலையைச் சாய்த்து ஒரு தடவை பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்.

ஏழுமலைக்கு ‘ழு’ அல்லவா வரும்! ஒரே ஒரு முறை பொறுக்க முடியாமல் வாய் திறந்தேன்.

“மாமா, அந்த ரெண்டாவது எழுத்து... வாழைப்பழத்துல வருமே, அந்த எழுத்துங்க.”

“வாளப்பளம்தானேம்மா? அத்ததானே போட்டுக்கினு கீறேன்” என்றார்.

அதற்கு மேல் நான் என்ன செய்ய? ‘ழு’ என்று ஒரு எழுத்தை மட்டும் எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் பேரில் இருப்பதே நாலு எழுத்து. கால்வாசிப் பேரை எழுதினால் கால்வாசி ஆயுசு போய்விட்டால்? மை காய ஊதிவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு தபால் பெட்டியைப் பார்க்க நடந்தேன்.

இருபது மைலுக்கு ஒரு தபால்

மாமியார் இல்லாத வீட்டுக்கு வாழ வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இருபது மைல் சொச்சம். இதற்குப் போய் வாராவாரம் கடிதமா?’

நியாயமான கேள்விதான் தாயே. ஆனால் என் வீட்டுக்காரருக்கு லோகோ ஷெட்டில் கலாசி வேலை. எஞ்சினைத் துடைப்பது, எண்ணெய் போடுவது, சாம்பல் அள்ளுவது. டியூட்டி பகலா இரவா என்பது அவருக்கே முதல் நாள்தான் தெரியும். தங்கியிருந்தது நாலு ஆள் படுக்கிற ஒரே அறை. அங்கே நான் போய் எந்த மூலையில் நிற்பது?

இந்தப் பக்கம் மாமனாருக்குக் கொஞ்சம் மல்லாட்டை நிலம். பொங்கிப் போட ஆள் கிடையாது. அதனால் நான் திண்டிவனத்தில், அவர் விழுப்புரத்தில். மாதத்தில் ஓரிரு நாள் கரி வாசனையோடு வந்து நிற்பார். மற்ற நாளெல்லாம் எங்கள் குடித்தனம் தபாலில்தான் நடந்தது.

ஆடு குட்டி போட்டது, எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தது, மாமனாருக்கு இருமல், எனக்குப் புதுச் செருப்பு கடித்தது, எல்லாம் எழுதுவேன். ‘அன்புள்ள’ என்று தொடங்கிவிட்டு, இரண்டு விரற்கடை இடத்தை வெறுமனே விட்டுவிடுவேன். பேரை அவரே போட்டுக்கொள்ளட்டும்.

அவர் சும்மா இருக்கிற ஆளா? ‘நீ விட்ட இடத்தில் இந்த வாரம் கரிமூஞ்சி என்று எழுதிக்கொண்டேன்’ என்று பதில் வரும். அடுத்த வாரம் ‘ஸ்டேஷன் மாஸ்டர் என்று போட்டுக்கொண்டேன், சம்பளம்தான் ஏறவில்லை’ என்று வரும். அடுப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரிப்பேன். எனக்கு அந்த வயதில் கிடைத்த சிநேகிதம் அந்தக் காகிதம்தான். கல்யாணத்தன்று முகம் நிமிர்ந்து பார்க்காத மனிதரை நான் தெரிந்துகொண்டது அவர் கையெழுத்தில்தான்.

காயாத மிளகாய்

பேர் சொல்லாத பெண்கள் பட்ட பாட்டைத் தனிப் புத்தகமாகவே போடலாம். என் பிறந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். அங்கே என் சின்னம்மா வீட்டுக்காரர் பேர் பச்சையப்பன். அதனால் சின்னம்மா வாயில் ‘பச்சை’ வராது. பச்சை மிளகாய் அவளுக்குக் ‘காயாத மொளகா’. பச்சைத் தண்ணீர் ‘காச்சாத தண்ணி’. ஒரு முறை கடையில் பச்சைச் சேலை வேண்டும் என்று கேட்க, ‘கிளி கலர்ல குடுப்பா’ என்றாள். கடைக்காரர் கிளி மூக்குக் கலரில் சிவப்பாக எடுத்துப் போட்டார்.

சின்னம்மாவுக்கு ஒரு வார்த்தை போயிற்று. எனக்கு இரண்டு. ஏழும் போயிற்று, மலையும் போயிற்று. மயிலத்துக்குச் சாமி கும்பிடப் போனால் ‘குன்னு மேல ஏறிட்டு வந்தோம்’ என்பேன். திருவண்ணாமலை எனக்கு ‘தீபம் ஏத்துற ஊரு’. எண்ணும்போது ஐந்து, ஆறு வரைக்கும் வருவேன். அப்புறம் ‘ஆறும் ஒண்ணும்’ என்று சொல்லி ஒரு மூச்சு விட்டு, எட்டுக்குத் தாவுவேன். சந்தையில் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக்காரரா நெருப்புப் பக்கத்தில் வேலை பார்க்கிறார்?

அது நிஜமான பயம். ஷெட்டில் ஒருவருக்கு நீராவி அடித்து முழங்கை வரை தோல் வழண்டுபோனதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அன்றிலிருந்து யாராவது வாய்ப்பாடு சொன்னால்கூட நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

இதில் என் பேர் அஞ்சலை. கல்யாணப் பந்தலிலேயே, “அஞ்சும் ஏழும் ஜோடி சேந்துடுச்சு, நடுவுல இருக்கிற ஆறு எங்கடா?” என்று எவனோ கத்தினான். பிற்பாடு எங்களுக்குப் பையன் பிறந்தபோது, ஆறுமுகம் என்பதைத் தவிர வேறு பேரை யாரும் எடுக்கவே இல்லை.

“கூழ் இன்னா பெரிய வித்தை!”

ஒரு தடவை லீவில் வந்த என் வீட்டுக்காரர், சட்டைப் பையிலிருந்து ஒரு விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டினார்.

“இத்த பாரு அஞ்சல. டீச்சர் ட்ரெயினிங்கு. ரெண்டு வருசம். விழுப்புரத்துலயே. நீ எழுதற லெட்டர ரூம்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். இந்தப் பொண்ணு வாத்தியாரா போவணும்னு சொல்றானுங்க.”

“என் லெட்டரையா? எல்லாருக்குமா?” எனக்கு மானம் போயிற்று.

“ஆடு குட்டி போட்டத மட்டுந்தான்” என்றார்.

கையில் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தேன். பள்ளிக்கூடத்தை விட்டபோது அழுத அழுகையெல்லாம் திரும்ப வந்தது. ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை. ஆனால் நான் போய்விட்டால் மாமனாரை யார் பார்ப்பது?

அவர் வாசல் பக்கம் கயிறு திரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

“போம்மா. படிச்ச பொண்ணு, எத்தினி நாளைக்கு எனக்குப் பொங்கிப் போட்டுக்கினு இருப்பே?”

“சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவீங்க மாமா?”

“கேப்பை கீது, தண்ணி கீது, அடுப்பு கீது. கூழ் இன்னா பெரிய வித்தை!”

மருமகள் தெருமுனை தாண்டினாலே ஊர் பேசிய காலம் அது. தன் வாய்க்கு வரும் சோற்றை விட்டுக்கொடுத்து என்னைப் படிக்கப் போகச் சொன்ன மனிதர் அவர். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. கலங்கட்டும், அதற்கு நான் வெட்கப்படவில்லை.

ஆறும் ஒண்ணும் மணி

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி. கணவரோ தகப்பனாரோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் இடம் கிடையாது என்று அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

என் அப்பா அப்போது உயிரோடு இல்லை. மாமனார் துணைக்கு வரலாமென்றால், மல்லாட்டை பிடுங்குகிற நேரம். பாதிக் கொல்லை பிடுங்கியாகிவிட்டது, வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. அவர் என்னை பஸ் ஏற்றிவிடுவது, என் வீட்டுக்காரர் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வந்து அழைத்துப் போவது என்று முடிவாயிற்று.

திண்டிவனத்திலிருந்து புறப்படும் முதல் பஸ் விழுப்புரத்தில் காலை ஏழு மணிக்கு நிற்கும். இதை அவருக்கு எழுத வேண்டும்.

ஏழு என்று எப்படி எழுதுவேன், 7 என்று போட்டாலும் அவர் பேர்தானே? யோசித்து யோசித்து, ‘திங்கட்கிழமை காலை 6ம் 1ம் மணிக்கு பஸ் வரும். அவசியம் பஸ் ஸ்டாண்டுக்கு வரவும். தாங்கள் வராவிட்டால் சீட்டு போய்விடும்’ என்று எழுதினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பருக்கை தேய்த்து ஒட்டினேன். மாமனார் ‘ளு’ போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை விக்கிரவாண்டி தாண்டும்போதே தலையைச் சரிசெய்துகொண்டேன். விழுப்புரத்தில் பஸ் நின்றது. இறங்கினேன். சுற்றிலும் பார்த்தேன். அவரைக் காணோம்.

சரி, வருவார் என்று நின்றேன். இட்லிக் கடைப் புகையும் பஸ் புகையும் மாறி மாறி முகத்தில் அடித்தன. கண்டக்டர்கள் ஊர் பேர் சொல்லிக் கூவினார்கள். காக்கிச் சட்டை தெரிகிற பக்கமெல்லாம் திரும்பினேன். கடைக் கடிகாரத்தில் எட்டு அடித்துவிட்டது. கையிலிருந்த பை வியர்வையில் நனைந்தது. அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? அப்படி நினைத்ததும் சீட்டு மறந்துபோயிற்று. ஒரு ஜட்காவைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

“லோகோ ஷெட்டுக்குப் போப்பா. ஜல்தி!”

என்ன நடந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ரயில்வேக்காரருக்கு மணி தனி, நிமிஷம் தனி. என் ‘6ம் 1ம்’ அவர் கண்ணுக்கு ஆறு மணி ஒரு நிமிஷமாகத் தெரிந்திருக்கிறது. ‘பஸ்ஸுக்கு எப்ப இருந்து நிமிசக் கணக்கு வந்துச்சு’ என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே, இருட்டோடு இருட்டாக வந்து நின்றிருக்கிறார். ஆறரை தாண்டியும் திண்டிவனத்து பஸ் எதுவும் வரவில்லை. தன் அப்பா மனசு மாறி என்னை நிறுத்திவிட்டார் போல என்று நினைத்து, வாங்கிய பர்மிஷனை ரத்து செய்துவிட்டு, போய் டியூட்டியில் ஏறிவிட்டார்.

எந்த ஏழுமலை?

ஷெட் வாசலில் ஒரு வாட்ச்மேன். பெரிய மீசை, சின்ன ஸ்டூல்.

“யாரும்மா வேணும்?”

“எங்க வீட்டுக்காரருங்க.”

“பேரு?”

நான் சேலைத் தலைப்பைத் திருகினேன். “ஆறுக்கு அடுத்ததுங்க... அப்புறம் குன்னு...”

அவர் வீட்டிலும் இந்தப் பாஷை பேசுகிற சம்சாரம் இருந்திருக்க வேண்டும். உடனே பிடித்துக்கொண்டார். “ஏழுமலையா? ஐயோ, இந்த ஷெட்டுல மூணு ஏழுமலை கீறாங்கம்மா! எந்த ஏழுமலை? அப்பா பேரு சொல்லு.”

மாமனார் பேரை மட்டும் சொல்லிவிடலாமா? நான் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன்.

“அதுவும் வராதா? சுத்தம்! வேலையாவது இன்னான்னு சொல்லு.”

“கலாசிங்க.”

“அப்டி வா வழிக்கு” என்று ஒரு ஆளை உள்ளே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் தலையில் துண்டு கட்டிய ஒரு கிழவர், எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“தோ, உன் சம்சாரம் வந்து கீதுப்பா” என்றார் வாட்ச்மேன், முகத்தை மாற்றாமல்.

கிழவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “ஏம்மா, என் பொண்டாட்டி போய்ச் சேந்து வருசம் எத்தினியோ ஆச்சே. நீ யாரும்மா?” என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “திண்டிவனத்துலருந்து வர்றேங்க. சின்ன வயசுக்காரருங்க. பத்து மணிக்கு அவரு கையெழுத்துப் போடணும். இல்லன்னா என் படிப்பு பூடுங்க.”

கிழவர் முகம் மாறிற்று. “அட, நம்ம திண்டிவனத்துப் பையனா! அவன் இப்ப கலாசி இல்லம்மா. ஷண்டிங் எஞ்சின்ல ஃபயர்மேனா ஏத்திட்டாங்களே. உன்னாண்ட சொல்லலியா?”

சொல்லவில்லை. நெருப்புக்கு வெளியே நின்றவர் நெருப்புக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டார். நான் பயப்படுவேன் என்று எழுதாமல் விட்டிருக்கிறார்.

“தோ, அந்தாண்ட பாரு, வெளிய போவுது பாரு எஞ்சினு!”

பார்த்தேன். கறுப்பு எஞ்சின் ஒன்று புஸ் புஸ்ஸென்று நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே சிவப்பாக நெருப்பு. அதன் முன்னால் கரி வாரிப் போடும் கரண்டியும் கையுமாக, தலைமுதல் கால்வரை கரியாக, அவர்.

கிழவர் கையைத் தூக்கி ஆட்டினார். தொண்டை எழும்பவில்லை, இருமினார். “நீ கூப்புடும்மா! இப்ப போனா மத்தியானந்தான் திரும்பும். சின்ன வயசுத் தொண்டை, கூப்புடு!”

“என்னங்க!” என்று கத்தினேன். அங்கே இருந்த ஆம்பிளை அத்தனை பேரும் யாருக்கோ என்னங்கதானே? ஒருத்தரும் திரும்பவில்லை. எஞ்சின் போய்க்கொண்டிருந்தது. என் பள்ளிக்கூடமும் அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது.

“ஏழுமலை!”

நானா கத்தினேன்? நான்தான். மரியாதைக்கு ஒரு ‘ங்க’கூடச் சேர்க்கவில்லை.

மூன்று ஏழுமலையும் திரும்பினார்கள். என் பக்கத்தில் இருந்த கிழவர் திரும்பினார். தூரத்தில் சக்கரத்துக்கடியில் குனிந்திருந்த ஃபிட்டர் நிமிர்ந்தார். எஞ்சினில் இருந்தவர் என்னைப் பார்த்தார், கரண்டியைப் போட்டார், ஓடுகிற எஞ்சினிலிருந்து குதித்தார். கால் சறுக்கிக் கரிக்குவியல் மேல் குப்புற விழுந்தார்.

அம்மா சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன். பேரைச் சொன்னேன், விழுந்துவிட்டார். அந்த ஒரு கணம் எனக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மயிலத்துச் சாமியை, பச்சையம்மனை, பேர் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன்.

அவர் எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். கரி முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. சிரித்துக்கொண்டு வந்தார்.

“ஆறு மணிக்கே வந்து நின்னேனே! நீ எங்க போய்ட்டே?”

“ஆறும் ஒண்ணும்னு எழுதினேனே!”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “அடிப் பாவி! பேசும்போதுதான் சொல்லமாட்டே. எழுதும்போதுமா?”

நான் அவர் முழங்காலைப் பார்த்துப் பார்த்து அழுதேன். “பேரைச் சொல்லிட்டேனே, பேரைச் சொல்லிட்டேனே...”

“சொன்னதாலதான் நின்னேன். இல்லன்னா மத்தியானம் வரைக்கும் கரி தள்ளிக்கினு இருப்பேன்” என்றார்.

ஆள் குதித்ததைப் பார்த்து டிரைவர் நிறுத்திய எஞ்சினில் கிழவர் அதற்குள் ஏறிவிட்டார். “நான் பாத்துக்கறேன், நீ போடா. டிரைவராண்ட நான் பேசிக்கிறேன்” என்று கையை ஆட்டினார். அந்த ஏழுமலைக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கவே முடியாது. என்னை முன்பின் தெரியாது. பேர் ஒன்றுதான் அவருக்கும் எங்களுக்கும் உறவு.

கையெழுத்தும் ரேகையும்

ட்ரெயினிங் பள்ளிக்கூடத்தில் என் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்தோம். குழாயடியில் அவர் முகத்தை மட்டும்தான் கழுவ முடிந்தது. தலைமை அம்மா கண்ணாடிக்கு மேலாக அவர் கையைப் பார்த்தார்.

“கையெழுத்துப் போடுவீங்களா, ரேகையா?”

“கையெழுத்துதாங்கம்மா. ஆனா ரெண்டும் விழும்” என்றார்.

அப்படியே விழுந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் முழுசாக ஒரு கரிப் பெருவிரல். தலைமை அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “கணவர் பேர் என்னம்மா? வாயால சொல்லு.”

“ஏழுமலைங்க” என்றேன். இந்தத் தடவை ‘ங்க’ சேர்ந்து வந்தது.

இடம் கிடைத்தது. அதன் பிறகு எத்தனையோ வருஷம் கரும்பலகையில் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு எழுதிப் போட்டேன். அந்தப் பேரால் ஆயுசு குறையும் என்றால், இன்று காலை சட்னியில் உப்பு இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்த மனிதர் யார்?

தப்பாகப் போன கார்டு

இடம் கிடைத்ததும் என் வீட்டுக்காரர் ரயிலடிப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்தார். குடிபோன அன்றே மாமனாருக்கு இன்லண்டு எழுத உட்கார்ந்தேன். கூழுக்கு உப்பு எப்போது போடுவது, இருமலுக்கு எந்த டப்பாவில் மருந்து இருக்கிறது என்பதெல்லாம் எழுதினேன். அங்கே அவர் தனியாக அடுப்பு ஊதுவதை நினைத்தால் எழுத்து கலங்கியது.

பிறகு எழுதினேன்: ‘மாமா, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். உங்கள் மகன் பேரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஏழுமலை என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் நலமாக இருக்கிறார். என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.’

வெளியே விலாசத்தில் மாமனார் பேரையும் நானே எழுதினேன். எழுதிவிட்டு மயிலத்துச் சாமியை ஒரு தடவை கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “அப்பாவுக்கும் ஆயுசு கெட்டி” என்றார்.

ஒரு வாரம் ஆயிற்று. பதில் இல்லை. இன்னும் சில நாள் போயிற்று. பதில் இல்லை. கோபம்தான், மனிதருக்கு மனசு நொந்துவிட்டது என்று முடிவு செய்தேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சீட்டு கிடைத்த சந்தோஷமெல்லாம் போய், அந்த மனிதரை நோகடித்துவிட்டு இதெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் வாசலில் இருமல் சத்தம். பார்த்தால் ஷெட்டுக் கிழவர் ஏழுமலை நிற்கிறார், கையில் ஒரு தபால் கார்டு.

“ஏம்மா, யாரோ என்னை மருமவளேன்னு கூப்புடறாருமா. பையில வச்சிக்கினு நாலு நாளா யோசிக்கிறேன், நான் யாருக்கு மருமவ?”

வாங்கிப் பார்த்தேன். மாமனார் எழுத்து. லோகோ ஷெட்டு விலாசத்துக்கு, மகன் பேருக்குப் போட்டிருந்தார். பிறகு எப்படி இவரிடம் போயிற்று?

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். “ஷெட்டுல மூணு ஏழுமலை இருந்தும் என் லெட்டர் ஒண்ணுகூட மாறிப் போனதில்ல, தெரியுமா? ‘ளு’ போட்டிருந்தா அது எனக்குன்னு தபால் பிரிக்கிறவருக்குத் தெரியும்!”

கார்டைத் திருப்பி மறுபடி பார்த்தேன். ‘ஏழுமலை’ என்று இருந்தது. முதலில் ‘ளு’ போட்டு, அதை அடித்துவிட்டு, மேலே ‘ழு’ போட்டிருந்தார். பழக்கமில்லாத எழுத்து, வால் நீண்டு கீழ் வரியில் இறங்கியிருந்தது.

உள்ளே இப்படி எழுதியிருந்தார்:

‘மருமவளுக்கு ஆசீர்வாதம். மல்லாட்ட நல்லா காஞ்சிது. கூழு அடி புடிக்குது, ஆனா துண்றேன். நீ நல்லா படி. அவன் பேருல இந்த எழுத்து வரும்னு உன் லெட்டரப் பாத்துதான் தெரிஞ்சிது. பெத்து பேரு வச்சவன் நானு, எனக்கே தெரியல. இத்தினி நாளா ஏம்மா எழுதிக் காட்டல?’